பூனைக்கு எறிந்த கழலை

உங்கள் எல்லோர் மீதும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். இந்த ஒரு வாக்கியத்தை நாக்கு குழறாமல் சொல்ல எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. போன வருஷம், ரமலானுக்கு முந்தின ஷஃபான் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் வாயை நானே கத்தியால் அறுத்துக்கொண்டேன். வேறு யார் மேலும் பழி போட முடியாது. என் கை, என் கத்தி, என் முட்டாள்தனம்.

என் பெயர் சிக்கந்தர். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற ரோட்டில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன். வீடு இரும்புலியூரில். நானும் என் மனைவி ஜரீனாவும் மட்டும்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் பதினாலு வருஷமாக அவளைத்தான் திட்டினேன். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டபோது, "எழுதுங்க. ஆனா என்னை அவுலியா, மகான்னு ஆக்கிடாதீங்க, உங்களையும் நல்லவரா காட்டிக்காதீங்க" என்றாள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எனக்குக் கோபம் அதிகம் என்று சொன்னால் அது பொய். கோபம் எல்லோருக்கும் வரும். எனக்கு வந்தது வெறி. எடை குறைகிறது என்று சொன்ன ஒருவர் மீது எடைக்கல்லை எறிந்திருக்கிறேன். அது அவர் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டது. "வண்டலூர் ஜூல ஒரு கூண்டு காலியா கீதாம் பாய், போய் உக்காந்துக்கோ" என்று கிண்டல் பண்ணின ஆட்டோக்காரர் வண்டிக் கண்ணாடியை அப்போதே உடைத்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. வாயில் எப்போதும் மாவா. பாக்கையும் புகையிலையையும் கசக்கி அடக்கிக்கொள்வது எட்டு வருஷப் பழக்கம். மாவா இல்லாத நேரத்தில் வாயில் கெட்ட வார்த்தை இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தொழிலில் ஞாயிறு என்றால் போர்க்களம். என்னோடு கடையில் நிற்பவன் ஜாகிர், ஜரீனாவின் தம்பி. காலையில் தொடைக்கறி வாங்கிப்போன அம்மா ஒருவர் பதினோரு மணிக்குத் திரும்பி வந்து பையை மேஜை மேல் கொட்டினார். கறியில் கழலை இருந்தது.

கழலை என்றால் கறிக்குள்ளே கொழுப்போடு ஒட்டிக்கொண்டு இருக்கும் சின்ன உருண்டை. தொடையில், கழுத்தில், குடல் ஓரத்தில் இருக்கும். ஆட்டில் சாப்பிடக் கூடாதவை என்று எங்களில் விலக்கி வைத்தவற்றில் அதுவும் ஒன்று. அறுப்புக்குப் பிறகு விரலால் தடவிப் பார்த்து, கத்தி முனையால் சுற்றிக் கீறி, முழுசாக எடுத்துவிட வேண்டும். உடைந்தால் போயிற்று. உள்ளே இருப்பது கறியில் பட்டால் நாற்றம் பிடித்துக்கொள்ளும், அந்தத் துண்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். எடுத்த கழலையை வாசலில் காத்திருக்கும் பூனைகளுக்கு எறிவோம். இருபது வருஷமாக நாள் ஒன்றுக்கு எத்தனை எறிந்திருப்பேனோ, கணக்கில்லை. அன்று அந்த அம்மாவின் பையில் இருந்தது உடைந்த கழலை.

அன்று கழலை எடுத்தது ஜாகிர்தான். அவனைக் கூப்பிட்டேன். அவன் பக்கத்தில் வந்ததும் வெட்டுக்கத்தியைப் பக்கவாட்டில் திருப்பி அவன் தோளில் இரண்டு அடி, முதுகில் ஒரு அடி. கடை நிறைய ஆட்கள். மூன்றாவது அடியில் அவன் கறிக்கட்டை மேல் சாய்ந்தான். ஒருவரும் தடுக்கவில்லை. கத்தியைப் பிடித்திருக்கிற ஆளை யார் தடுப்பார்கள்?

அன்று சாயந்திரம் ஜரீனா சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரே நின்றாள். "அவன் என் தம்பிங்க. ஆடு இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து முஷ்டியால் அவள் வாயில் குத்தினேன். அவள் சுவரில் மோதிக் கீழே உட்கார்ந்தாள். முன்பல் பாதியாக உடைந்து தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் சாப்பிட்டு முடித்தேன். எழுதக் கூசுகிறது. ஆனாலும் சாப்பிட்டு முடித்தேன் என்பதுதான் உண்மை.

மறுநாள் அவள் உதடு வீங்கி, தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை. தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் சாயந்திரம் மட்டும் திறக்கிற பல் கிளினிக் ஒன்று இருக்கிறது. அங்கே கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். பகலில் பொத்தேரிப் பக்கம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார். எப்படி உடைந்தது என்று கேட்டார். ஜரீனா என்னைப் பார்க்காமலே, "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு என் வலது கையைப் பார்த்தார். விரல் முட்டியில் பல் பட்ட காயம் இருந்தது.

ஜரீனாவுக்கு மருந்து வைத்து முடித்ததும் என்னிடம் திரும்பினார். "நீங்க மாவா போடுவீங்கல்ல, வாசனை வருது. உக்காருங்க, நானே பாத்துடறேன்." நாலைந்து மாதமாக நாக்குக்கு அடியில் ஏதோ உறுத்துகிறது என்று எனக்கே தெரியும். வலி இல்லை. மிளகு அளவுக்கு ஒரு உருண்டை. யாரிடமும் சொல்லவில்லை. உட்கார்ந்தேன். அவர் லைட்டைத் திருப்பி, நாக்கைத் தூக்கி, கையுறை போட்ட விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது சாதாரணமா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா மாவா போடறவங்க வாயில, இந்த இடத்துல, எது இருந்தாலும் டெஸ்ட் பண்ணாம விடக்கூடாது. துளி சதை எடுத்து அனுப்பிப் பாக்கணும்."

முதல் பாதி என் காதிலேயே ஏறவில்லை. எனக்குக் கேட்டது கேன்சர் என்ற ஒரு சொல், அதை அவர் சொல்லவே இல்லை. அடுத்ததாக மண்டைக்குள் ஏறியது 'துளி சதை'. துளி என்றால் பாதியை எடுத்துவிட்டு மீதியை வாயிலேயே விடுவதா? கழலையை உடைத்தால் சுற்றிலும் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியாதா? "கத்தி பட்டா பரவிடும்" என்று ஊரே சொல்கிறதே. "முழுசா எடுக்கத் தெரியாதவ எதுக்குடி டாக்டரா வந்தே" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த ஸ்டீல் டிரேயை உதைத்தேன். கண்ணாடியும் இடுக்கியும் பறந்தன. டாக்டர் சுவரோடு ஒட்டி நின்றார். வீங்கின வாயோடு ஜரீனா தரையில் குனிந்து ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தாள்.

நான் வெளியே போன பிறகு டாக்டர் ஒரு சீட்டில் தன் நம்பரை எழுதி ஜரீனாவிடம் கொடுத்திருக்கிறார். ஜரீனா அதைத் தன் தம்பியிடம் கொடுத்திருக்கிறாள். அவன் செல்போன் உறைக்குள் செருகி வைத்திருக்கிறான். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

பதினோரு நாள் போயிற்று. அந்தப் பதினோரு நாளும் நான் உயிரோடு கபுறுக்குழியில் இருந்தேன். கண்ணாடி கிடைக்கிற இடத்தில் எல்லாம் நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். போனில் படம் படமாகத் தேடினேன். தாடை இல்லாத முகங்கள், கழுத்தில் குழாய் போட்ட ஆட்கள். கறி வெட்டும்போது மேஜை மேல் கிடக்கிற ஆட்டுத்தலையைப் பார்த்தால் நாக்கு வெளியே தொங்கும். என் நாக்கு எனக்கு நினைவு வரும். பயத்தில் இரண்டு மடங்கு மாவா போட்டேன். பயத்திலேயே எல்லோரையும் திட்டினேன். ஜாகிர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தினமும் வேலைக்கு வந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போனேன். எல்லோரும் துஆவுக்குக் கை ஏந்தினார்கள். நானும் ஏந்தினேன். வலது கை முட்டியில் அந்தக் காயம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. எந்தக் கையை ஏந்தி எதைக் கேட்பது? வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். வழியெல்லாம் அல்லாஹ்விடம் சண்டை போட்டேன். எனக்கு ஏன், என்னைவிடக் கெட்டவன் இல்லையா, அவனுக்குக் கொடேன் என்று. பிரார்த்தனை என்று அப்போது எனக்குத் தெரிந்தது அந்த அளவுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாயன்று கறி வாங்க ஆள் குறைவு, பதினோரு மணிக்கே கடையைக் கழுவிவிடுவோம். ஜாகிர் கிளம்பிப் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினேன். முகம் பார்க்கிற கண்ணாடியைக் கறி மாட்டுகிற கொக்கியில் தொங்கவிட்டேன். எலும்பிலிருந்து கறி பிரிக்கிற சின்னக் கத்தியைத் தீட்டினேன். அதன் மேல் வெந்நீர் ஊற்றினேன். பக்கத்தில் படிகாரக் கல்லும் ஐஸும் வைத்துக்கொண்டேன். இருபது வருஷமாக இதைத்தானே செய்கிறேன், முழுசாக எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். ஐஸை நாக்குக்கு அடியில் மரத்துப்போகிற வரை வைத்திருந்தேன். இடது கையால் துணி போட்டு நாக்கைப் பிடித்துத் தூக்கினேன்.

கத்தியைக் கிட்டே கொண்டுபோனதும் பழக்க தோஷத்தில் வாய்க்குள்ளேயே வார்த்தை வந்தது. பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர். ஆட்டை அறுக்கும்போது சொல்வது. அதைச் சொன்ன பிறகுதான் என் உடம்பு முழுக்கச் சில்லிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு என் கை ஒருநாளும் நின்றதில்லை.

இரண்டு கீறல். விரலால் நெம்பினேன். மஞ்சளாக, வழவழவென்று, ஒரு உருண்டை உடையாமல் கையில் வந்தது. உடையாமல் எடுத்துவிட்டேன் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? யோசிக்கவே இல்லை. தினமும் செய்கிற மாதிரி, ஷட்டருக்குக் கீழே வாசல் பக்கம் எறிந்தேன். பூனை அதைத் தரையில் விழவிடவில்லை.

பிறகு ரத்தம். கொட்டுகிறது என்று சொல்வார்களே, அப்படி இல்லை. பீய்ச்சியது. கண்ணாடி மேல் அடித்தது. படிகாரத்தை வைத்தேன், ஐஸை வைத்தேன், துணியைத் திணித்தேன். துணி நனைந்து கனத்தது. ரத்தத்தை விழுங்கி வாந்தி எடுத்தேன். கழுவி வைத்திருந்த தரை மறுபடி சிவப்பானது. அதைவிட மோசம், நாக்குக்கு அடியில் வீங்க ஆரம்பித்தது. நாக்கு மேலே மேலே எழும்பி அண்ணத்தில் இடித்தது. மூச்சு திணறியது. ஆடு கடைசியில் எழுப்புகிற அந்தக் கரகரச் சத்தம் என் தொண்டையிலிருந்து வந்தது. கறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டேன்.

ஜாகிர் சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அதை எடுக்கத் திரும்பி வந்தவன் ஷட்டரைத் தூக்கினான். பார்த்தான்.

"யா அல்லா. இன்னா மச்சான் பண்ணி வச்சிகீறே."

அவன் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். அவன் தோளில் என் கத்தி போட்ட கன்றல் இன்னும் மறையவில்லை. போனை எடுத்தான், உறையிலிருந்து அந்தச் சீட்டை உருவினான், டாக்டருக்கு அடித்தான். டாக்டர் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "படுக்க வைக்காதீங்க. உக்கார வச்சு முன்னாடி குனியச் சொல்லுங்க. சுத்தமான துணியை வச்சு விரலால அழுத்திப் பிடிங்க, எடுக்கவே கூடாது. நேரா பொத்தேரிக்கு வாங்க, நான் ஆஸ்பத்திரிலதான் இருக்கேன்."

ஜாகிர் ரோட்டில் இறங்கி ஒரு ஆட்டோவை மறித்தான். வந்தது நான் கண்ணாடி உடைத்த ஆட்டோவேதான். ஓட்டுநர் என்னைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார். "ஏத்து" என்றார். வண்டலூர் மேம்பாலம் தாண்டி, ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. ஜிஎஸ்டி ரோட்டில் அன்று லாரிக் கூட்டம். வழியெல்லாம் ஜாகிரின் விரல் என் நாக்குக்கு அடியில் இருந்தது. ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டபோது என் பல் அவன் விரலில் எலும்பு வரைக்கும் இறங்கியது. அவன் கத்தினான். ஆனால் விரலை எடுக்கவில்லை. "கடிச்சிக்கோ மச்சான், பரவால்ல, கடிச்சிக்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சம்பளக் காசு கொடுக்கும்போதெல்லாம் அவன் விரலைப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நாலைந்து பேர் என்னைச் சேரில் அழுத்திப் பிடித்தார்கள். வெட்டுப்பட்ட ரத்தக் குழாயைத் தேடிப்பிடித்துக் கட்டினார்கள். வீக்கம் இன்னும் ஏறினால் கழுத்தில் துளை போட்டுத்தான் மூச்சு விட வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. ஒன்பது தையல். எல்லாம் முடிந்த பிறகு, நான் டிரேயை உதைத்தபோது சுவரோடு ஒட்டி நின்றாரே, அந்த டாக்டர் வந்தார். அவருடைய சட்டையெல்லாம் என் ரத்தம்.

"எடுத்த துண்டு எங்க?"

என்னால் பேச முடியவில்லை. ஜாகிர் தலையைக் குனிந்துகொண்டு, "பூனைக்குப் போட்டுட்டாரு போல டாக்டர். இவரு வழக்கமா அப்படித்தான்" என்றான்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். அப்புறம் பேசியதில் ஒவ்வொரு வார்த்தையும் அறை மாதிரி விழுந்தது. "உங்களுக்கு என்ன வியாதின்னு சொல்லக்கூடியது அது ஒண்ணுதான். இப்ப கேன்சரா இல்லையான்னு நானும் சொல்ல முடியாது, யாரும் சொல்ல முடியாது. காயம் ஆறினப்புறம் மாசாமாசம் வந்து காட்டுங்க. மறுபடி ஏதாவது முளைக்குதான்னு பாப்போம். அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருங்க."

அந்தக் கட்டிலில் கிடந்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. கொல்லுமா கொல்லாதா என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நானே எறிந்துவிட்டேன். பேசக் கூடாது, எட்டு நாள் வாயை அசைக்கவே கூடாது என்று உத்தரவு. சின்ன வயசில் பேச்சு வந்ததிலிருந்து என் வாய் முதல் முதலாக மூடிக் கிடந்தது. திட்ட முடியவில்லை, சாபம் விட முடியவில்லை, அல்லாஹ்விடம் சண்டை போடக்கூட முடியவில்லை. அஸர் நேரத்துச் சாயந்திர வெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. மனசுக்குள்ளேயே கேட்டேன். உயிரைக் கேட்கவில்லை, அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. யா அல்லாஹ், நான் எறிந்ததை எனக்குத் திருப்பிக் கொடு. இதைத்தான் கேட்டேன். பூனை தின்றதை எப்படித் திருப்பித் தருவான் என்று யோசிக்கவில்லை. நாலு நாளும் இதையே கேட்டேன். அழுதேன். அழுதால் தையல் இழுக்கும். இழுத்துக்கொண்டே அழுதேன்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜரீனாதான் கஞ்சியை வடித்து ஊற்றினாள். வேளைக்கு ஒருமுறை மருந்துத் தண்ணீரில் பஞ்சை நனைத்து வாயைத் துடைப்பாள். பாதிப் பல்லோடு அவள் என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். ஆறாம் நாள் காலை, துடைத்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். போன் வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்.

"என்னங்க. அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கு. அதே மாதிரி மஞ்சளா."

பரவிவிட்டது. எனக்குத் தோன்றியது அது மட்டும்தான். கத்தி பட்டது, பரவிவிட்டது, முடிந்தது. கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன், அவள் புடவை மேல் கொட்டியது. வலது கை முஷ்டியாகி மேலே போனது. யாரை அடிக்க என்று கேட்காதீர்கள். பக்கத்தில் இருந்தது அவள்தான்.

அவள் ஓடவில்லை. கத்தவில்லை. டார்ச் எரிகிற போனை ஒரு கையில் பிடித்தபடியே, இன்னொரு உள்ளங்கையால் தன் வாயை மூடிக்கொண்டாள். அடி விழப்போகிற இடத்தைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக் காத்திருந்தாள். இது அவளுக்கு எவ்வளவு பழக்கம் என்பதை அப்போதுதான் பார்த்தேன். அறுக்கக் கொண்டுவரும் ஆடுகூடத் திமிறும். இவள் திமிறவில்லை. என் கை அங்கேயே நின்றது. நான் நிறுத்தியதாகச் சொல்ல மாட்டேன். என் கையை எனக்குத் தெரியும், அது தானாக நிற்கிற கை இல்லை. அல்லாஹ் பிடித்தான். முட்டி போட்டு அவள் காலடியில் உட்கார்ந்தேன். வாய் திறந்து சொல்ல முடியாததால் தலையைத் தரையில் வைத்தேன். அவள் கண்ணைத் திறந்து, "எந்திரிங்க, டாக்டருக்குப் போன் பண்றேன்" என்றாள்.

அன்றைக்கே பொத்தேரிக்குப் போனோம். டாக்டர் பார்த்ததும் முகம் மாறியது. சிரித்தார். கேன்சர் ஆளைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா என்று எனக்குக் குழப்பம்.

"இது புதுசு இல்ல பாய். முன்னாடியே இருந்திருக்கும், கிளினிக்ல நீங்க என்னைப் பாக்க விடல. ரெண்டு பக்கமும் ஜோடியா, ஒரே மாதிரி, தொட்டா மெத்துன்னு நகருது, புண் இல்ல. கெட்டது பெரும்பாலும் இப்படி ஜோடி சேந்து வராது. ஆனா என் கண்ணை நம்பி நான் சொல்ல மாட்டேன். இதை எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்துடலாம்."

ஜரீனாவிடம் பேனா வாங்கி ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: 'உடையாமல் முழுசாக எடுங்கள்.' படித்துவிட்டு அவர் சொன்னார், "இவ்ளோ சின்னதுன்னா நாங்களும் முழுசாதான் எடுப்போம். பெருசா இருந்தா துளி எடுப்போம். துளி எடுத்தா பரவாது பாய், அது ஊர் கட்டிவிட்ட கதை." ஊசி போட்டார், வலியே இல்லை. ஐந்து நிமிஷம். என் தொழிலை இருபது வருஷம் செய்தவன் சொல்கிறேன், அந்தக் கை சுத்தமான கை.

எடுத்ததைச் சின்ன பாட்டிலில் மருந்துத் தண்ணீருக்குள் போட்டு, பெயர் எழுதி ஒட்டினார்கள். மாடியில் இருக்கிற லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். ஜாகிர் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் அந்த பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன். ஏறும்போதுதான் உறைத்தது. நான் கேட்டது என் கையில் இருக்கிறது. எறிந்ததைத் திருப்பிக் கொடு என்றேன். நான் எறிவதற்கு முன்பே, இவன் எறிவான் என்று தெரிந்து, இன்னொன்றை அல்லாஹ் அந்தப் பக்கம் வைத்திருக்கிறான். அதைக் காட்டியது யார்? நான் யார் பல்லை உடைத்தேனோ அவள். படியிலேயே உட்கார்ந்து தேம்பினேன். ஜாகிர் பாட்டில் சாயாமல் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார். எனக்குப் படிக்கத் தெரியாத இங்கிலீஷ். "கேன்சர் இல்ல. தொண்டையில டான்சில் இருக்குல்ல, கிருமியோட சண்டை போடற சதை. அதே சதை சில பேருக்கு நாக்கு அடியிலயும் கொஞ்சம் திரண்டு நிக்கும். வியாதியே இல்ல. தெரிஞ்சுக்கிட்டா போதும், அப்படியே விட்டிருக்கலாம்."

எனக்கு அதற்குள் கொஞ்சம் பேச்சு வந்திருந்தது. "கழலையா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. ஆட்டில் நாங்கள் எடுத்து எறிவதை ஜாகிர் விளக்கினான். டாக்டர் யோசித்துவிட்டு, "ஆமா, கிட்டத்தட்ட அதே இனம்தான்" என்றார். பிறகு கண்டிப்பான குரலில் சொன்னார், "பூனை தின்னது இதோட ஜோடின்னுதான் நினைக்கிறேன். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். ஆறு மாசத்துக்கு ஒருதரம் வரணும். மாவாவைத் தொட்டீங்கன்னா அடுத்த தடவை நான் சிரிக்க மாட்டேன்." அன்றோடு மாவா போயிற்று. இரண்டு முறை போய்க் காட்டிவிட்டேன். வாய் சுத்தமாக இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆட்டோக்காரர் வண்டிக்குப் புதுக் கண்ணாடி மாட்டிக் கொடுத்தேன். "கூண்டு இன்னும் காலியாதான் கீது பாய்" என்றார். நானும் சிரித்தேன். கடையில் ஜாகிர் இப்போது வெட்டுகிற இடத்தில் நிற்கிறான், நான் கழலை எடுக்கிற இடத்தில் நிற்கிறேன். ஒவ்வொன்றாக எடுக்கும்போது நாக்கு தானாகத் தையல் தழும்பைத் தொட்டுப் பார்க்கிறது.

ஜரீனாவின் பல்லுக்கு உறை போட மறுபடி தாம்பரம் கிளினிக்குக்குப் போனோம். வெளியே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், கதவு திறந்தே இருந்தது. டாக்டர் பழைய தாளை எடுத்து, "எப்படி உடைஞ்சதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். தாளில் எழுதியிருக்கிறது, அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டார். ஜரீனா, "பாத்ரூம்ல" என்று ஆரம்பித்தாள்.

"நான் அடிச்சேன் டாக்டர்" என்றேன். "அந்த வரியை அடிச்சிட்டு இதை எழுதுங்க."

வெளியே பேச்சு நின்றது. டாக்டர் அடித்தார், எழுதினார். ஜரீனா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

சகோதரர்களே, இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது வாயில் ஏதாவது உறுத்தினால் பயந்து ஒளிக்காதீர்கள், நாட்டு வைத்தியமோ கைவைத்தியமோ பார்க்காதீர்கள், படித்த டாக்டரிடம் போய் வாயைத் திறந்து காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் வழி இருக்கும். கை ஏந்த வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடே ஏந்துங்கள். என்னை மாதிரி ஆள் கேட்டே கொடுத்தவன், உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிடுவானா?

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். போன வாரம் அலமாரி மேல்தட்டில் இருந்த சர்க்கரை டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். அடுப்புப் பக்கம் நின்ற ஜரீனாவின் உள்ளங்கை சட்டென்று போய் அவள் வாயை மூடியது. அவளுக்கே தெரியாமல் அந்தக் கை போயிற்று. உடனே கையை இறக்கிவிட்டு டீ வடிகட்டினாள். ஒரு வருஷம் ஆகிவிட்டது, அந்தக் கை இன்னும் போகிறது. ஐந்து வேளையும் நான் கேட்கிற துஆ இப்போது அது ஒன்றுதான், அந்தக் கை வாய்க்குப் போகாமல் இருக்க வேண்டும். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. உங்கள் துஆவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.